எட்டு வயது வாத்தியார்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பயிற்சியில் நான் கருத்தாளர். மாநில அளவில் ஒரு பயிற்சி நடக்கும், அங்கே கேட்டவர்கள் மாவட்டத்தில் சொல்வார்கள், மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டாரத்தில் சொல்வார்கள். நான் கடைசி ஆள், மூன்றாவது டிகாஷன். அன்றைய தலைப்பு 'சக மாணவர் வழிக் கற்றல்'. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பது. திரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் படம்.

தேநீர் இடைவேளையில் ஒரு டீச்சர் வந்தார். ஓய்வுபெற நாலைந்து வருஷம்தான் இருக்கும். "தம்பி, தப்பா நெனக்காதீங்க. நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஒங்க வகுப்புல இத எப்படிப் பண்றீங்கன்னு ஒருநாள் வந்து பாக்கலாமா?"

"பாக்கலாம் டீச்சர்" என்றேன். கூப்பிடவில்லை. காரணம் எளிமையானது. என் வகுப்பில் நான் அதைச் செய்ததே இல்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அது எழும்பூரில் போய் நின்றது.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, 'மலபார்' பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றே குறிப்பிட்டார்கள். அவர் பார்த்தது நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம்தான்.

திரும்பிவந்த பெல், கடைசி வகுப்பின் உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு, இனி எழுத்தை மணலில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவர் செய்யவில்லை. மறுபடி சொன்னார். முடியாது என்று பதில் வந்தது. பெல் அவரை விட்டுவிட்டு, பள்ளியிலேயே படித்துக்கொண்டிருந்த ஜான் ஃபிரிஸ்கென் என்ற பையனிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார். ஒரு சிப்பாயின் மகன், வயது எட்டு. பையன் செய்து காட்டினான். அப்புறம் ஒவ்வொரு வகுப்பாகப் பையன்கள் கைக்குப் போனது.

1796இல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளுக்குப் போனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது. பெல்லின் பணத்தில் உருவானது.

இந்த இடத்தில் "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்" என்று நெஞ்சை நிமிர்த்தலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் திண்ணையில் சட்டாம்பிள்ளை இருந்த மாதிரியே பிரம்பும் இருந்தது. தலித் பிள்ளைகளுக்குத் திண்ணைக்கு வழியே இல்லை. 1822இல் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று சொன்னது. அதில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். இங்கிலாந்துக்குப் போன மதராஸ் முறையும் ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கும் மலிவான மனப்பாட இயந்திரமாக மாறியது.

என்னை நிறுத்தியது அதுவல்ல, 'முடியாது' என்ற அந்த உதவி ஆசிரியர். கதையைச் சொல்கிறவர்கள் அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெல் திண்ணையைத் தன் கண்ணால் பார்த்தார். அந்த ஆசிரியரை அங்கே கூட்டிப்போய்க் காட்டினாரா? நான் படித்த எதிலும் அப்படி ஒரு காட்சி இல்லை. பார்த்தவர் ஒருவர், செய்ய வேண்டியவர் இன்னொருவர். நடுவில் இருந்தது உத்தரவு மட்டும்.

பின்னாளில் பெல்லின் ஆட்களுக்கே இது புரிந்திருக்க வேண்டும். 1812இல் லண்டன் பால்ட்வின்ஸ் கார்டன்ஸில் ஒரு மையப் பள்ளி திறந்தார்கள். ஆசிரியராக வருகிறவர்கள் அங்கே பிள்ளைகளோடு பிள்ளைகளாக வகுப்பில் உட்கார்ந்து முறையைக் கற்றார்கள். வளர்ந்த ஆண்கள், கடைசி வகுப்பிலிருந்து.

நம்ம பக்கமும் இதே கதை நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிக்கு ஆசிரியர்களை அனுப்பினார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படிப்பதையும், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் அவர்கள் நேரில் பார்த்தார்கள். திரும்பிவந்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். 2007-08இல் அது தமிழ்நாடு முழுக்க வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள், எல்லாரையும் எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது? பயிற்சிக்கூடம் வழியாகத்தான் வந்தது. ஏணிப்படியும் அட்டைகளும் வந்து சேர்ந்தன, கண்ணால் பார்த்தது வந்து சேரவில்லை. பல பள்ளிகளில் அட்டை அலமாரியோடு தங்கிவிட்டது. "ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை" என்றார்கள். எழும்பூர்க்காரரைப் பற்றிச் சொன்ன அதே வரி.

எனக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும். ஏலம் விடுகிறவர் குரலைக் கேட்டால் சண்டை என்று நினைப்பீர்கள். கூடை மேல் கண், வாங்குகிறவர் முகத்தில் இன்னொரு கண். இதற்கு யாரும் மூன்று நாள் பயிற்சி வைத்ததில்லை. பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். முதலில் கூடை தூக்குவான், அப்புறம் கணக்கெழுதுவான். ஒருநாள் பெரியவருக்குத் தொண்டை கட்டும், பையன் குரல் கொடுப்பான். தப்பு வரும், சிரிப்பார்கள், திட்டுவார்கள். மறுநாளும் நிற்பான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுப் பாடநூல் வந்தால் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். சொந்த வகுப்பைத் திறந்து காட்டாதவன் அடுத்தவர் வகுப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறேன். என்னைத்தான் சொல்கிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் சந்தைக்கடை. ஒருத்தன் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துத் தானே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். ஒருத்தி தம்பி தலையில் குட்டினாள். அது நான் குட்டுவதைப் பார்த்துக் கற்றது.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், புடவையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குட்டிய பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, "நான் ரெண்டாப்பு, எனக்கு 'ற' தெரியல. சொல்லிக்குடு" என்றார். வேண்டுமென்றே தப்பாக எழுதினார். அந்தப் பிள்ளை கையை ஓங்கியது. நரைத்த தலையைப் பார்த்தது. கையை இறக்கி, டீச்சர் விரலைப் பிடித்து எழுத வைத்தது.

மத்தியானம் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

"அன்னிக்கே ஏன் கூப்பிடலன்னு இப்பத்தான் புரியுது தம்பி" என்று சிரித்தார். பஸ் வந்தது. ஏறும்போது சொன்னார், "அடுத்த மாசம் நீங்க எங்க ஸ்கூலுக்கு வாங்க. எனக்குக் கணக்கு வகுப்புதான் தகராறு."