காந்தளின் நஞ்சும் கணிப்பொறியும்

செங்காந்தளை மங்கையர் விரலுக்கு உவமையாக்கினர் சங்கப் புலவர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர் வரிசையில் முதலிடம் அதற்கே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பாடினோம், சூடினோம், அரசு மலரென்று அறிவித்தோம். அதன் கிழங்கைத் தின்றவர் ஏன் மாண்டனர் என்று மட்டும் கேட்டோமில்லை!

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடரின் அடிவாரத்திற்குக் காந்தள் புதியதன்று. கண்வலிக்கிழங்கு என்பார், கார்த்திகைக் கிழங்கு என்பார். அதை உண்டு செத்தவனுக்கு 'விதி முடிந்தது' என்பார். விதியாம்! உயிரைக் குடித்தது விதியன்று; கோல்சிசின் எனும் வேதிப்பொருள்.

1820இல் பிரெஞ்சு நாட்டுப் பெல்லெத்தியேயும் காவந்துவும் கோல்சிகம் எனும் ஐரோப்பியச் செடியிலிருந்து அந்த நஞ்சைப் பிரித்தனர். நம் காந்தளில் உறைவதும் அதுவே. 1967இல் சிக்காகோவில் போரிசியும் டெய்லரும் அந்நஞ்சுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, உயிரணுவுக்குள் அது எதைப் பற்றுகிறதெனத் தேடினர். சிக்கியது ஒரு புரதம். பின்னாளில் டியூபுலின் எனப் பெயர் பெற்றது. அப்புரதம் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தே நுண்குழல்கள் உருவாகின்றன. அணு இரண்டாகப் பிரிகையில் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் கயிறுகள் அவை. கோல்சிசின் புகுந்தால் அடுக்கு சேராது, பிரிவு நின்றுபோம். கட்டுக்கடங்காது பிரிவதன்றோ புற்றுநோய்? நஞ்சு மருந்தாகும் வழி அங்கே தெரிந்தது. நாம் சுடுகாட்டு மல்லியென ஒதுக்கிய நித்தியகல்யாணியிலிருந்தும் கனடாவில் நோபிளும் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தனர். அதுவும் நுண்குழலைத் தாக்கும் மருந்தே.

ஆயினும் கோல்சிசின் நல்ல அணுவையும் விடாது; புற்றுநோய்க்கு அதைக் கொடுப்பது கேடு. ஆகவே அதைப்போற் பொருந்தி, அதனினும் குறைவாய்க் கொல்லும் மூலக்கூறு வேண்டும். 2004இல் டியூபுலினில் கோல்சிசின் அமரும் குழியின் வடிவம் வெளியாயிற்று. அக்குழிக்குள் ஆயிரமாயிரம் மூலக்கூறுகளைக் கணிப்பொறி பொருத்திப் பார்க்கிறது, பூட்டுக்குத் திறவுகோல் தேடுவதுபோல.

அப்புரத வடிவம் சரியா எனச் சோதிக்கும் உரைகல் எங்கே பிறந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தில்! 1963இல் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எக்கோணத்தில் திரும்பலாம், எக்கோணத்தில் திரும்பலாகாது என்று கணக்கிட்டு வரைந்தனர். 'இராமச்சந்திரன் வரைபடம்' என உலகமே அதைக் கையாளுகிறது. பழம்பெருமை பேசுவோர் வாயில் இப்பெயர் வருவதில்லை.

கணிப்பொறியையும் சாமியாக்கிவிட வேண்டா! அது சொல்வது ஊகமே. சோதனைக் குழாய், விலங்கு, மனிதர் என ஒவ்வொரு படியிலும் தேறினாலன்றி மருந்தில்லை, பெரும்பாலானவை தேறுவதுமில்லை.

திண்டுக்கல், திருப்பூர் மாவட்டத்து உழவர் காந்தளைப் பயிராக்கி, பூப்பூவாய்க் கையாலேயே மகரந்தம் சேர்த்து விதை எடுக்கின்றனர். விதை கடல் கடக்கிறது. விலையை உழவன் வைப்பதில்லை. டியூபுலின் வடிவமோ புரதத் தரவு வங்கியில் திறந்து கிடக்கிறது. இராசபாளையத்து மாணவி கேட்டாலும் கட்டணமின்றித் தருகிறது, குலம் கேட்பதில்லை.