குரோம்பேட்டை முதல் செங்கல்பட்டு வரை: பெயர்ப்பலகை சொல்லாத வரலாறு

தோழர்களே, கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயிலில் கல்லூரிக்கும் வேலைக்கும் கூட்டங்களுக்கும் போய்வருகிறவர்கள் நம்மில் ஏராளம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதை. ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற நிலத்தின் கதை நமக்குத் தெரியுமா?

1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் அதுதான் முதல் மின்சார ரயில். வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் மெல்ல மெல்லப் புறநகராயின. பிறகு மின்சார ரயில் செங்கல்பட்டு வரை நீண்டது. 2004இல் மீட்டர் கேஜ் ரயில் நின்று, எல்லாம் அகலப்பாதையானது. பாடப்புத்தகம் சொல்லும் ரயில் வரலாறு இவ்வளவுதான்.

இதில் குரோம்பேட்டை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் எந்தச் சாமியிடமிருந்தும் மன்னனிடமிருந்தும் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரு தோல் தொழிற்சாலையின் பெயரைத் தினமும் லட்சக்கணக்கானோர் கூச்சமில்லாமல் உச்சரிக்கிறார்கள். ஆனால் தோல் வேலையைச் செய்தவர்களைத்தான் ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியது. முதலாளியின் பொருளுக்குப் பலகையில் இடம் கிடைத்தது. உழைத்தவர் பெயர் எங்கும் இல்லை.

அடுத்து, பாதையின் முனையான செங்கல்பட்டு. ரயிலில் போகும் எல்லாரும் அறிய வேண்டிய ஆவணம் ஒன்று இங்கிருந்துதான் பிறந்தது. மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனுக்கு அடிமைப்பட்டு, மிராசுதாரர் பிடியில் அவர்கள் கிடந்ததை அது பதிவு செய்தது. 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டே, இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். மேலிருந்து வந்த கருணையாக மட்டும் இதைப் படிக்காதீர்கள். கீழிருந்தும் குரல் எழுந்துகொண்டிருந்த காலம் அது.

மாநிலம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் நிபந்தனைக் காகிதத்தை மதிக்க யார் இருக்கிறார்கள்? காரணை கிராமத்தில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். இன்று இதைப் படிக்கிற உங்கள் வயதுதான் அவர்களுக்கும்.

அவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலி மாலையோடு முடியக் கூடாது. உங்கள் ஊர் நிலத்தின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பழைய நிலப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். புதிய பதிவேட்டில் காணாமல் போன நிபந்தனை பழையதில் இருக்கக்கூடும். அடுத்த முறை செங்கல்பட்டில் இறங்கும்போது அந்த மனு உங்கள் பையில் இருக்கட்டும்.