குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வலித் தணிப்பு

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு நோயாலும் பரிசோதனைகளாலும் மருந்துகளாலும் உண்டாகும் வலியை முன்னறிந்து தடுப்பதும் அளந்து குறைப்பதும் இத்துறையின் பணி. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் பெருகுவதால் தொடக்கத்தில் கால்வலியும் முதுகுவலியும் வரலாம். ‘வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி’ என்று வீட்டில் விட்டுவிடுவதும் உண்டு. கீமோ தொடங்கியதும் இவ்வலி பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் சிகிச்சைக் காலத்தில் குழந்தை படும் வலியில் பெரும்பங்கு சிகிச்சையே தருவது.

பச்சிளம் குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்ற எண்ணம் 1980கள் வரை மருத்துவர்களிடையே இருந்தது. அதைத் தகர்த்ததில் கே. ஜே. எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குறைமாதக் குழந்தைகளின் அறுவைச் சிகிச்சையில் ஃபென்டனில் என்னும் வலிநீக்கியைச் சேர்த்தபோது, பின்னர் வரும் சிக்கல்கள் குறைந்ததை அவர் காட்டினார்.

சுமார் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், சிரிப்பு முதல் அழுகை வரை வரைந்த முகப்படங்களில் ஒன்றைத் தொட்டு வலியின் அளவைச் சொல்வார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் ஆகிய ஐந்தையும் கவனித்து 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவர். இன்னொரு ஊசி போடுவார்களோ என்று அஞ்சி வலியை மறைக்கும் குழந்தைகளும் உண்டு. ‘இன்னைக்கு இவன் சரியில்லை’ என்று தாய் சொன்னால் அதையும் அளவீடாகவே கொள்ள வேண்டும்.

முதுகுத்தண்டில் நீர் எடுப்பதும் எலும்பு மஜ்ஜை எடுப்பதும் திரும்பத் திரும்ப நடப்பவை. ஆகவே முதல் தடவை மிக முக்கியம். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் தடவை போதிய வலிநீக்கி பெறாத எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், அடுத்த தடவைகளில் நல்ல மருந்து கொடுத்தும் கூடுதல் வலியை உணர்ந்தார்கள். குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவலாம். முதுகிலும் எலும்பிலும் குத்தும்போது கெட்டமைன், புரொபோஃபால் போன்றவற்றால் மயக்கமும் தேவை. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் குத்துவது எந்த நெருக்கடியிலும் இதற்கு மாற்றாகாது. தாயின் மடி, சோப்புக் குமிழி ஊதுதல், கதை ஆகியவை மருந்துக்குத் துணை நிற்கும். மருந்துக்குப் பதிலாக நிற்கா.

மருந்துகளில் லேசான வலிக்குப் பாராசிட்டமால். ஆனால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அது காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், முதலில் உடல்வெப்பம் பார்க்க வேண்டும். ஐபுபுரோஃபென், தட்டணு குறைந்த குழந்தைக்கு ரத்தக்கசிவை உண்டாக்கலாம். தசை ஊசியும் ஆசனவாய் வழி மருந்தும் தட்டணு குறைந்திருக்கும் காலத்தில் தவிர்க்கப்படும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் மூன்று படிகளாக இருந்த வலிநீக்கி முறையைக் குழந்தைகளுக்கு இரண்டாக்கி, கோடீனை விலக்கியது. கோடீன் சில குழந்தைகளின் உடலில் மிக வேகமாக மார்பினாக மாறி மூச்சை அடக்கக்கூடும். சிலருக்கு வேலையே செய்யாது. அந்த வழிகாட்டி பின்னர் திரும்பப் பெறப்பட்டாலும் கோடீனைத் தவிர்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கடும் வலிக்கு மார்பின். வலி வந்தபின் கொடுப்பதைவிட நேரம் தவறாமல் கொடுப்பதே பலன் தரும், முடிந்தவரை வாய்வழியாக. மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளே சேர்க்க வேண்டும். அடிமையாகிவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கேற்ற அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்தால் எச்சிலும் விழுங்க முடியாதபடி வாய் புண்ணாகும்போது மார்பினைச் சிரை வழியே செலுத்துவர். வின்கிரிஸ்டின் என்னும் கீமோ மருந்து தரும் தாடை வலியும் கால் எரிச்சலும் நரம்பு வலி. அதற்குக் காபாபென்டின் போன்றவை பயன்படும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்பினை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கியது. கேரளத்தில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் நெடுங்காலம் முயன்றதன் பயனாய் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உள்ளிட்ட மருந்துகளுக்கான உரிம நடைமுறை எளிதானது. ஆயினும் இருப்பு வைக்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரங்களில்தான் உள்ளன. கிராமத்துக்குத் திரும்பும் குழந்தைக்கு அடுத்த வருகை வரை போதுமான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.