எண்பது ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

பேராக்கின் சுங்காயில் வீட்டுத் திரையரங்கு அமைப்பவரும் சப்வூஃபரின் கிராஸ்ஓவரை, அதாவது தாழ்ஒலியை அதற்குப் பிரித்தனுப்பும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைக்கக்கூடும். அந்த எண் இயற்கை விதியல்ல, திரையரங்குத் தொழில் கண்ட சமரசம். 1933இல் பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பைக் கம்பிவழி வாஷிங்டனுக்கு அனுப்பிய பெல் ஆய்வகத்தார், கீழொலியையும் மேலொலியையும் 300 ஹெர்ட்ஸில் பிரித்தார்கள். 1945இல் வந்த ஆல்டெக் நிறுவனத்தின் பெரிய திரையரங்கு ஒலிபெருக்கி 500இல் பிரித்தது. கருவி மாற, எல்லையும் மாறியது. எண்பதுகளில் லூகாஸ்ஃபிலிமின் டாம்லின்சன் ஹோல்மன் வழியே வளர்ந்த டி.எச்.எக்ஸ். ஒலித்தர முறைதான் பின்னர் 80ஐ வீட்டுக்குள் நிலைநிறுத்தியது. அதற்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் பிரித்தறியாது. சப்வூஃபரை எந்த மூலையில் வைத்தாலும் வசனம் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

பேராக் தோட்டத் திடல்களில் கூம்பு ஒலிபெருக்கியில் படம் பார்த்த தலைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கூம்பில் ஆழ்ந்த ஒலி எழாது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல், கூம்பின் வாயோ அதில் சிறு பங்கு. வசனம் தெளிவாகக் கேட்டது, அது போதுமானதாக இருந்தது. ஆனால் இன்றைய படங்களின் ஒலித்தடத்தில் தாழ்ஒலிக்கென்றே தனித்தடம் உண்டு. பெரிய ஒலிபெருக்கிக்குப் பிரிப்பே வேண்டாம் என்பாரும் உண்டு. அதுவும் முழுச் சரியல்ல, தாழ்ஒலிச் சுமை நீங்கினால் ஆம்ப்ளிஃபயர் இளைப்பாறும். கைக்கடக்கமான பெட்டி என்றால் 100, 120க்கு ஏற்றுங்கள். பெட்டியின் திறனைப் பார்த்து எண்ணை முடிவுசெய்யுங்கள்.