ஒரே வரியில் மொத்த டேட்டாபேஸும் காலி... 'டிராப் டேட்டாபேஸ்' கொடுத்தால் என்ன ஆகும்?

திருவண்ணாமலையில் பரணி தீபம், மகா தீபம் பார்க்க கட்டண டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்கிறோம். இந்த மாதிரி முன்பதிவுகளில் நாம கொடுக்கும் பெயர், செல்போன் எண் எல்லாம் கட்டம் கட்டமாக அட்டவணைகளில் பதிவாகும். ஒன்றோடு ஒன்று தொடர்புடைய அந்த அட்டவணைகளின் தொகுப்புதான் டேட்டாபேஸ். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை அதை நிர்வகிக்கும் மென்பொருள்கள்.

அப்படி ஒரு பட்டியலை தீபத்துக்கு முதல் நாள் யாராவது அழித்துவிட்டால்?

எப்படி அழித்தார்கள் என்பதுதான் முக்கியம். 'டெலீட்' கட்டளை அட்டவணைக்குள் இருக்கும் வரிகளை மட்டும் நீக்கும். 'கமிட்' ஆவதற்குள் சுதாரித்தால் 'ரோல்பேக்' கொடுத்து மீட்டுவிடலாம். 'டிராப் டேட்டாபேஸ்' அப்படியில்லை. அட்டவணை, அதிலுள்ள விவரம், டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் என எல்லாமே போய்விடும். "நிச்சயமா அழிக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. நம்ம போனில் இருப்பது போல ரீசைக்கிள் பின்னும் கிடையாது.

போஸ்ட்கிரெஸில் ஒரு சின்ன தடுப்பு உண்டு. யாராவது இணைப்பில் இருந்தால் அழிக்க மறுத்துவிடும். ஆனால் 2020-ல் வந்த 13-ம் பதிப்பில் 'ஃபோர்ஸ்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். இருப்பவர்களை வெளியே தள்ளிவிட்டு அழிக்கும்!

பிறகு ஒரே வழி பேக்கப்தான். அதுவும் சரியாக இருந்தால்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்க. ஊழியர் ஒருவர் துணை சர்வர் என நினைத்து, முதன்மை சர்வரில் இருந்த டேட்டாபேஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டார். டிராப் கட்டளை இல்லை என்றாலும் விளைவு அதேதான். ஓரிரு விநாடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்? தினமும் எடுக்க வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் பதிவாகவே இல்லை. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

வேண்டுமென்றே அழிப்பதும் நடக்கிறது. சிங்கப்பூரில் என்சிஎஸ் நிறுவனம் வேலையை விட்டு நீக்கிய இந்தியர் ஒருவர், ரத்து செய்யப்படாத பழைய லாகினில் நுழைந்து 2023 மார்ச்சில் 180 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். 2024 ஜூனில் அவருக்குக் கிடைத்தது 2 ஆண்டு 8 மாத சிறை. இந்தியாவில் இதுபோல நேர்மையற்ற நோக்கத்தோடு தகவலை அழித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அனுபவமுள்ள நிர்வாகிகள் பழைய டேட்டாபேஸை உடனே 'டிராப்' செய்வதில்லை. பெயரை மாற்றி சில வாரம் ஓரமாக வைத்து, யாராவது தேடி வருகிறார்களா எனப் பார்ப்பார்கள். பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, திறக்கிறதா என்றும் சோதிப்பார்கள்.

நம்ம பக்கம் ஒரு வேலை இருக்கு. டிக்கெட் பிடிஎஃப், பணம் கட்டிய எஸ்எம்எஸ் இரண்டையும் தரிசனம் முடியும் வரை போனில் வைத்திருங்க. அவர்கள் பட்டியலில் உங்க பெயர் காணாமல் போனால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.