வன்தட்டும் வலுவின் எல்லையும்
(வீட்டுக் கணினியின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்)

குளத்தின் கொள்ளளவைப் புகழ்ந்துரைப்போர் அதற்கு நீர் கொணரும் வாய்க்காலைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். கணினியின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. எத்தனை எழுத்துக்களைத் தேக்கிவைக்க முடிந்தது, எத்துணை விரைவிற் கணக்கிட முடிந்தது என்பன யாண்டும் விரித்துரைக்கப்படுகின்றன. அவ்வியந்திரத்தின் ஒரு மூலையில் அமைந்து, வீட்டு மின்சாரத்தை அதன் உறுப்புக்களுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் மின்வழங்கி என்னும் சிறு பெட்டியைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயின், வீட்டுக் கணினியில் வன்தட்டு இடம்பெற்ற வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு, அவ்வரலாற்றின் திருப்பங்கள் பலவற்றை வகுத்தது இப்பெட்டியின் எல்லையே என்பது புலப்படும். அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சுடைய விறைப்பான வட்டத்தகடு. அது தன் அச்சிற் சுழல, அதன் மேற்பரப்பை ஒட்டி இயங்கும் சிறு முனைகள் செய்திகளைக் காந்தக் குறிகளாக எழுதவும் படிக்கவும் செய்யும். ஐக்கிய அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம், கலிபோர்னியாவிலுள்ள சான் ஹொசே ஆய்வுகூடத்தில் உருவாக்கி 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட றமக் என்னும் கணினித் தொகுதியிலேயே இத்தகைய கருவி முதன்முதலாக வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. அவையனைத்தும் சேர்ந்து கொண்டவை 50 இலட்சம் எழுத்துக்கள் மாத்திரமே. கருவியின் நிறையோ ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. அதனை வைத்திருந்த நிலையங்கள் தனியறையும் தனி மின்னிணைப்பும் அமைக்க வல்லவையாதலின், வலுவின் அளவு அங்கே ஒரு தடையாக எழவில்லை.

1973ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வின்செஸ்ரர் என்னும் குறிப்பெயரால் வழங்கிய புதிய அமைப்பை வெளியிட்டது. முனைகளையும் தட்டுக்களையும் தூசி புகாதவாறு ஒரே உறையில் அடைத்த இவ்வமைப்பே பிற்காலச் சிறு வன்தட்டுக்களுக்கு வழிகாட்டியாயிற்று. அலன் சூகாட், பினிஸ் கொனர் முதலியோர் 1979இல் தொடங்கியதும், பின்னர் சீகேற் எனப் பெயர் பெற்றதுமான நிறுவனம், 1980ஆம் ஆண்டில் 5¼ அங்குல அளவினதான வன்தட்டொன்றை ஆக்கியது. அது நெகிழ்தட்டுக் கருவி அமரும் அதே இடத்தில் அமரக்கூடியது. 5 மெகாபைற்றுக் கொள்ளளவுடையது. அறையளவு பரந்திருந்த ஒன்று கையில் ஏந்தத்தக்க பெட்டியாயிற்று. இனி வீட்டுக் கணினியில் அதனைப் பொருத்துவதற்குத் தடை யாது என்று அக்காலத்தவர் எண்ணியிருத்தல் இயல்பே.

நிற்க. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 12ஆந் திகதி ஐ.பி.எம். தனது தனியாட் கணினியை அறிமுகஞ் செய்தது. அதன் ஆரம்ப விலை 1565 டொலர். செய்திகளைச் சேமிக்க ஒன்றோ இரண்டோ நெகிழ்தட்டுக் கருவிகளை அதில் அமைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு நெகிழ்தட்டும் 160 கிலோபைற்றே கொண்டது. வன்தட்டு அதன் அமைப்பில் இடம்பெறவில்லை. அவ்வியந்திரத்தின் மின்வழங்கி அளிக்கவல்ல மொத்த வலு 63.5 வாற்று. இவ்வெண்ணே நமது வரலாற்றின் மையமாதலின், அது எவ்வாறு அமைந்தது என்பதைச் சிறிது விளக்குதல் பொருந்தும்.

மின்வழங்கி நான்கு வகை மின்னழுத்தங்களை அளித்தது. 5 வோல்ற்றில் 7 அம்பியர், அதாவது 35 வாற்று. 12 வோல்ற்றில் 2 அம்பியர், அதாவது 24 வாற்று. எஞ்சிய சிறுபகுதி எதிர்மறை அழுத்தங்கள் இரண்டுக்கும் உரியது. இவற்றுள் 5 வோல்ற்று மின்சுற்றுக்களை இயக்குவது. 12 வோல்ற்றோ மோட்டார்களைச் சுழற்றுவது. நெகிழ்தட்டு வேண்டும்போது மாத்திரம் மெல்லச் சுழல்வது. வன்தட்டோ கணினி விழித்திருக்கும் காலமெல்லாம் நிமிடத்துக்கு 3600 முறை ஓயாது சுழல்வது. சீகேற்றின் முதல் வன்தட்டு இயல்பாகச் சுழலும்போது 12 வோல்ற்று வழியில் ஏறக்குறைய 1.8 அம்பியரை வேண்டியது. இதனால் மாத்திரமே மின்வழங்கியின் 2 அம்பியர் எல்லை ஏறத்தாழ நிறைந்துவிடும். ஏனைய உறுப்புக்களுக்கு மிஞ்சுவது சொற்பமே.

இதனினும் கடியது தொடக்கக் கணம். நின்றிருக்கும் கனத்த சில்லை உருட்டத் தொடங்குதற்கு, உருளும் சில்லை உருளச் செய்தலினும் மிகுந்த விசை வேண்டும் என்பதை வண்டி தள்ளியோர் அறிவர். ஓய்விலிருக்கும் தட்டினை முழு வேகத்துக்குக் கொணரும் அச்சில விநாடிகளில் வன்தட்டு ஈர்க்கும் மின்னோட்டம் 4 அம்பியருக்கு மேல் உயரும். 2 அம்பியருக்கென அமைந்த வாய்க்கால் அதனை எவ்வாறு கொணரும்? மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளுமாறு அணைந்துவிடும். அன்றேல் அழுத்தம் தாழ்ந்து தட்டு உரிய வேகத்தை அடையாது நிற்கும். எல்லையை ஒட்டித் தட்டுத்தடுமாறி இயங்கும் கணினியோ இவ்விரண்டினும் தீங்கானது. ஏனெனில், அழுத்தம் தாழுங் கணத்தில் எழுதப்படும் செய்தி பழுதாதல் கூடும். உடையவர் அதனைப் பல நாட் கழித்தே அறிதலுங் கூடும். முற்றாக நின்றுபோன இயந்திரம் தன் குறையைத் தானே அறிவிக்கும். அரைகுறையாக ஓடும் இயந்திரமோ அக்குறையை மறைத்துவைக்கும்.

வலு ஒன்றே தடையாக இருந்தது என்று கூறுதல் உண்மைக்கு முழுதும் ஒவ்வாது. இணைப்பு அட்டைகளிலுள்ள நிரல்களைத் தேடிக் கண்டு இயக்கும் வகை, 1982ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27ஆந் திகதியிடப்பட்ட நிலைநினைவக நிரலிலேயே ஐ.பி.எம். கணினிக்கு வாய்த்தது. வன்தட்டினைக் கையாளவும் அதனுள்ளே கோப்புக்களை அடுக்கடுக்காகப் பிரித்துவைக்கவும் வல்ல டொஸ் இயக்குதளத்தின் இரண்டாம் பதிப்பு 1983ஆம் ஆண்டு மார்ச்சிலேயே வந்தது. எனினும் இவ்விரு குறைகளும் ஒரு சிறு சில்லாலும் ஒரு நெகிழ்தட்டாலும் தீரத்தக்கவை. வலுக்குறை அத்தகையதன்று. அதற்கு உலகம் கண்ட தீர்வுகள் மூன்று.

முதலாவது, வழங்கியைப் பெருப்பித்தல். 1983ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி ஐ.பி.எம். அறிமுகஞ் செய்த எக்ஸ்.ரி. என்னும் கணினி 10 மெகாபைற்று வன்தட்டுடன் வந்தது. அதன் மின்வழங்கி 130 வாற்று. முந்தியதன் இரு மடங்குக்கும் சற்று மேற்பட்டது. 12 வோல்ற்று வழியின் எல்லை 2 அம்பியரிலிருந்து 4.2 அம்பியராயிற்று. விளம்பரங்கள் 10 மெகாபைற்றைப் பறைசாற்றின. அதனைச் சுழலச் செய்த 130 வாற்றோ தொழில்நுட்ப ஏடுகளின் உட்பக்கங்களில் அடங்கிக் கிடந்தது. முந்திய கணினியை ஏற்கெனவே வாங்கியிருந்தோர் பிற நிறுவனங்கள் விற்ற பெரிய மின்வழங்கிகளை வாங்கித் தம் பெட்டியின் உள்ளே மாற்றிப் பொருத்திக்கொண்டனர். அவர்களுக்கு வன்தட்டின் விலை ஒருபுறமிருக்க, மின்வழங்கியின் விலையும் அதனோடு சேர்ந்தது.

இரண்டாவது, வன்தட்டுக்குத் தனிமனை அமைத்தல். எக்ஸ்.ரி. வெளிவந்த அதே காலத்தில், தனக்கெனத் தனி மின்வழங்கியும் வன்தட்டும் உடைய விரிவாக்கப் பெட்டியொன்றையும் ஐ.பி.எம். விற்றது; பழைய கணினியோடு அதனை ஒரு வடத்தால் இணைக்கலாம். அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் 1984இல் விசிறியுமின்றி, இணைப்பு அட்டைகளுக்கு இடமுமின்றி வந்தது. அதற்கென 1985இல் அந்நிறுவனம் வெளியிட்ட 20 மெகாபைற்று வன்தட்டும் தன் மின்வழங்கியைத் தானே கொண்டிருந்தது. நெகிழ்தட்டுக்கான துறையின் வழியே செய்தி பரிமாறியது. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் தனியடுப்பு மூட்டிக்கொள்வது போன்றது இவ்வழி. பழைய இயந்திரத்துக்குப் பாரமில்லை. ஆயினும் மேசையில் இடமும், செலவும், இரண்டாவது மின்செருகியும் வேண்டும்.

மூன்றாவது வழியே வரலாற்றின் போக்கை மாற்றியது. அது வழங்கியைப் பெருப்பித்தலன்று, தேவையைச் சுருக்குதல். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. ஸ்கொத்லாந்தில் இயங்கிய றொடைம் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் 3½ அங்குல வன்தட்டினை வெளிக்கொணர்ந்தது. இதன் சிறப்பு இடச்சிக்கனம் மாத்திரமன்று. 5¼ அங்குலக் கருவியின் தட்டு விட்டம் 130 மில்லிமீற்றர். 3½ அங்குலக் கருவியினது 95 மில்லிமீற்றர். ஒரே தடிப்புடைய தட்டின் சடத்துவத் திருப்பம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதைப் பிரயோக கணிதம் பயில்வோர் அறிவர். அக்கணக்கின்படி, விட்டம் கால்வாசியளவு குறைந்தபோதே தட்டினைச் சுழலச் செய்தற்கு வேண்டிய சத்தி மூன்றிலொரு பங்கிலும் குறைந்துவிடுகின்றது.

இதன் பயனை எளிதில் விளங்கக் காட்டியது, குவாண்டம் நிறுவனத்தின் கிளையான பிளஸ் டிவலப்மென்ற் 1985ஆம் ஆண்டில் விற்ற ஹாட்காட் என்னும் கருவி. 10 மெகாபைற்று வன்தட்டும் அதனைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றும் ஓரங்குலத் தடிப்புள்ள ஒரே அட்டையில் அமைந்தன. கணினியின் மூடியைத் திறந்து அட்டைக்குரிய இடத்திற் செருகினால் அதுவே போதும்; மின்வழங்கியை மாற்ற வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் வாங்கிய இயந்திரம் தனது பழைய 63.5 வாற்றுடனேயே புதிய காலத்துட் புகுந்தது. வன்தட்டில்லாமையால் மாத்திரம் ஒதுக்கப்படவிருந்த கணினிகளுக்கு இக்கருவி மறுவாழ்வளித்தது எனல் மிகையாகாது.

சுருக்குதல் என்னும் இந்நெறி அத்துடன் நிற்கவில்லை. 1988ஆம் ஆண்டில் பிறெயிரிரெக் நிறுவனம் 2½ அங்குல வன்தட்டினை வெளியிட்டது. மின்கலத்தின் வலுவில் இயங்கும் மடிக்கணினிகள் வன்தட்டுடன் பெருகுதற்கு இதுவும் இதன் வழிவந்தவையுமே துணையாயின. கனத்த மின்வழங்கியை நம்பிய வழி மேசையோடு நின்றது. தேவையைக் குறைத்த வழி வீதிக்கும் வகுப்பறைக்கும் சென்றது.

இவை யாவும் பழங்கதை என்று கருதற்க. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் துறையொன்று 5 வோல்ற்றில் 500 மில்லியம்பியர், அதாவது இரண்டரை வாற்று மாத்திரமே அளித்தது. சிறு வன்தட்டுக்குக்கூடத் தொடக்கக் கணத்தில் அது போதாமையால் இரு துறைகளிலிருந்து மின் பெறும் கவர்வடங்கள் வழக்கிற்கு வந்தன. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் உருவாகி 2012இல் வெளிவந்த றாஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் முதல் அமைப்பில், ஒவ்வொரு துறைக்கும் 140 மில்லியம்பியர் அளவில் மட்டுப்படுத்தும் காப்புருகிகள் இருந்தன. அதனோடு வன்தட்டினை இணைக்க விரும்பியோர் தனி மின்னிணைப்புடைய கிளைப்பெட்டியை நாடினர். 1983இன் இரண்டாந் தீர்வே மீண்டும் உருவெடுத்தது. 2023இல் வந்த அதன் ஐந்தாம் அமைப்பிலும், 3 அம்பியர் வழங்கியை இணைத்தால் துறைகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லியம்பியரும், 5 அம்பியர் வழங்கியை இணைத்தால் 1.6 அம்பியரும் கிடைக்குமாறு எல்லை வகுக்கப்பட்டுள்ளது. சுழலும் உறுப்பற்ற திண்ம நினைவகங்கள் தொடக்கக் கணத்தின் இடரை நீக்கினவாயினும், வலுவை எண்ணிப் பார்க்கும் கடமையை நீக்கவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கொள்ளளவு விலைப்பட்டியலிற் பெரிய எழுத்தில் அச்சாவது. வலுவின் எல்லை பெட்டியின் பின்புறத்திற் சிற்றெழுத்தில் ஒட்டப்படுவது. முன்னதை மாத்திரம் நோக்கி வாங்கியவர் வருந்தினர். பின்னதையும் கூட்டிக் கணக்கிட்டவர் பயன்கொண்டனர். தலைமுறை தோறும் பெருவலுவை நாடியவரும் இருந்தனர். உள்ள வலுவுள் நிறைவாக இயங்க வழி தேடியவரும் இருந்தனர். நீண்டகாலப் பயனை உலகுக்கு அளித்தவர் பெரும்பாலும் பின்னவரே. பழைய இயந்திரத்துக்குப் புதிய உறுப்பொன்றைச் சேர்க்க முனையும் மாணவர், மூடியைத் திறக்குமுன் அச்சிற்றெழுத்தைப் படித்து, இயங்கும்போது வேண்டுவதையும் தொடங்கும்போது வேண்டுவதையும் வேறுவேறாகக் கூட்டிப் பார்ப்பாராயின், நாற்பதாண்டுக் கால வரலாறு அவருக்கு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.