அச்சம் ஈன்ற தட்டுப்பாடு

1973 அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டது. அரபு நாடுகள் கச்சா எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன, விலை ஏறியது. எண்ணெய்க்கு அயல்நாடுகளையே நம்பியிருந்த ஜப்பான் கலங்கிற்று. காகித ஆலைகளுக்கும் எரிபொருள் வேண்டுமாதலின், காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு அரசு வேண்டியது. இனிக் காகிதமே கிடைக்காது என மக்கள் அதற்குப் பொருள் கொண்டனர்.

நவம்பர்த் தொடக்கத்தில் ஒசாகாவை அடுத்த சென்ரி புதுநகரில் ஒரு கடையின் முன் இல்லத்தரசியர் நீண்ட வரிசையில் நின்றனர். அவர்கள் நாடியது அரிசியன்று, கழிப்பறைக் காகிதம். சில மணி நேரத்தில் இருப்பு தீர்ந்தது. செய்தித்தாள்கள் இதனை வெளியிடவே, நாடெங்கும் அதே காட்சி தொடர்ந்தது.

உண்மையில் உற்பத்தி குறையவில்லை. "பிறர் வாங்கிவிட்டால் நமக்கு மிஞ்சாது" என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கு. தனித்துப் பார்த்தால் அது பிழையன்று. அனைவரும் அதே கணக்கைப் போட்டபோது, இல்லாத தட்டுப்பாடு மெய்யாகவே வந்து நின்றது.

2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முன்னர், நம்மூர்க் கடைகளிலும் இத்தகைய வரிசையைக் கண்டோம். நானும் அதில் நின்று, தேவைக்கு மேல் ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். எனக்குப் பின்னால் பையுடன் நின்றவர்க்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை அன்று நான் எண்ணவில்லை.